பூனைப்படுக்கை என்று சொன்ன குற்றம்

வேல்ஷ் பேசுகிற எங்கள் கும் ஹெலிக் பள்ளத்தாக்கில் மனுஷன் பொய் சொல்வான், மழையைச் சாக்கு வைத்து ஆராதனைக்கு மட்டம் போடுவான், பக்கத்துப் பண்ணை ஆட்டுக்குத் தன் சாயக்குறியைப் பூசிவிட்டு 'அடடே, கண்ணு தெரியல' என்பான். ஆனால் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்றால் அவ்வளவுதான். மலை புரண்டாலும் அவன் புரள மாட்டான். எங்கள் ஊர் எம்ரிஸின் தாத்தா வாலிபத்தில் மதுவைத் தொடமாட்டேன் என்று ஆலயத்தில் கையெழுத்துப் போட்டவர். சாகக் கிடந்தபோது டாக்டர் நீட்டிய மருந்தில் ஒரு சொட்டு பிராந்தி இருக்கிறது என்று அவருடைய மூக்கு சொல்லிவிட்டது. உதட்டை இறுக்கி மூடினார். மூடினபடியே போய்ச் சேர்ந்தார். அந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்த எம்ரிஸ் அதன்பிறகு எதிலுமே கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் மதுக்கடையில் தவறாமல் இருப்பான்.

இந்தச் சங்கதி தலைநகர் கார்டிஃபில் இருக்கும் இடப்பெயர்ப் பேணல் ஆணையத்துக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எங்களிடம் கையெழுத்தே கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாம் கொல்லன் வீட்டில் ஆரம்பித்தது. பாலத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அந்த வீட்டை இங்கிலாந்துப் பக்கமிருந்து ஒரு தம்பதி வாங்கினார்கள். சனி ஞாயிறு மட்டும் வருவார்கள். நல்ல மாதிரிதான், பார்த்தால் கை ஆட்டுவார்கள். வாங்கின கையோடு வாசலில் ஒரு பலகை அடித்தார்கள். அதில் புதிதாக ஓர் ஆங்கிலப் பெயர். ஓர் அணில், அது ஓய்வெடுப்பது, கூடவே கடல் தெரிவது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டின பெயர். எங்கள் பக்கம் அணிலைக் கண்டு ஒரு தலைமுறை ஆகிறது. கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் பிடிக்க வேண்டும். அந்தப் பெயர் என்னவென்று நான் சொல்லப்போவதில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும்.

"இன்னிக்கு கொல்லன் வீடு, நாளைக்கு நம்ம மலை" என்றாள் தெக்வென். அவள் ஆலயத்துச் செயலாளர். வேகம் ஜாஸ்தி. "ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பேர் வெச்சிருக்கோம். எழுதி வெக்கல. நாம போனா அதுவும் போச்சு. நான் அந்த ஆணையத்துக்கு எழுதிப் போடறேன்."

"எழுதேன்" என்றான் அவள் புருஷன் மெய்லிர். அவனுக்கு அப்போது ஆட்டுக் குளம்பில் சீழ் வெட்டுகிற கவலை. முப்பது வருஷமாக அவன் அவளுக்குச் சொல்லும் பதில் இது ஒன்றுதான்.

ஆணையம் வந்தது. ஆணையம் என்றால் டாக்டர் பெரெடிர். நெட்டையான மனுஷர், தோள்பட்டையில் ஒரு பொட்டு மழை விழுந்தாலும் கைக்குட்டையால் ஒற்றி எடுப்பார். எங்கள் ஊரில் அதைச் செய்ய ஆரம்பித்தால் வேறு வேலை பார்க்க முடியாது. அவர் வந்த நேரம் முதலில் கதவைத் திறந்தவன் மெய்லிர். அதனால் அவனைப் 'பெயர்க்காவலர்' ஆக்கி, சட்டையில் ஒரு வெண்கல வில்லையைக் குத்திவிட்டார்.

"இது எதுக்குங்கய்யா?" என்றான் மெய்லிர்.

"நீங்கள் இனி மெய்லிர் அல்ல. சமூகம்" என்றார் டாக்டர்.

சமூகம் தன் நாயைக் கூட்டிக்கொண்டு மழையில் முன்னால் நடந்தது. ஒவ்வோர் இடமாகக் காட்டிக்கொண்டே போனான். இது பன்றிக்காது வயல், அந்த வடிவில் இருப்பதால். இது ஈரச்சட்டை ஓடை. இது போதகர் வழுக்கின பாறை. வழுக்கின போதகர் யாரென்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை வரும். இது மாமியார் மேடு, ஏறினால் மூச்சு முட்டும். மேலே, பாறைகளுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாமல் ஒரு குழிவு. புல் மெத்தென்றிருக்கும். இரண்டு பேர் சாய்ந்து உட்காரலாம்.

"இது பூனைப்படுக்கை" என்றான் மெய்லிர். அவன் காது சிவந்தது. தெக்வெனிடம் கல்யாணத்துக்குக் கேட்டது அங்கேதான். அவள் 'யோசிச்சு சொல்றேன்' என்று கண்ணை மூடினவள் அப்படியே தூங்கிப் போனாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

டாக்டர் பெரெடிர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பெயர்ப்பலகை எங்கே?"

"பலகையா? இங்க ஆடுதான வரும். அதுங்க படிக்கறதுக்கா?"

"எழுத்து ஆதாரம் இல்லையா?" டாக்டரின் முகம் வாடிப்போயிற்று. கீழே இறங்கி வரும்போது பாலத்தருகே கொல்லன் வீட்டுப் பலகையைக் கண்டதும் அதே முகம் மலர்ந்தது. நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "அற்புதம்! எழுத்து தெளிவு, ஆணி உறுதி. முழுமையான ஆதாரம்!"

"ஐயா, ஐயா, அது பழசில்ல. போன வருஷம்தான் அடிச்சாங்க. அதை ஒழிக்கத்தான் உங்களையே கூப்பிட்டோம்."

"பழமையைக் குழு தீர்மானிக்கும்" என்றார் டாக்டர். மெய்லிர் வாயால் சொன்ன பெயர்களோடு அந்தப் பெயரும் பதிவில் ஏறியது. கொல்லன் வீடு என்பது ஏறவில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பெயர்தான், பலகையில் இருப்பதே செல்லும் என்றார்.

அந்த வாரமே ஆலயத்துப் பின்னறையில் கூட்டம். ஊர் முழுக்க வந்திருந்தது. மேஜையில் தேநீர்ப் பாத்திரம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது, தெக்வென் திராட்சை ரொட்டியை அறுத்து வைத்திருந்தாள். டாக்டர் பெரெடிர் எழுந்து நின்றார்.

"பெருமக்களே! உங்கள் பெயர்களைப் பார்த்தேன். வேதனைப்பட்டேன். அவை எந்த நிலையில் இருக்கின்றன தெரியுமா? தேய்ந்திருக்கின்றன. காரணம் யார்? நீங்கள்! காலையில் உச்சரிக்கிறீர்கள், மாலையில் உச்சரிக்கிறீர்கள், ரொட்டியை மென்றுகொண்டே உச்சரிக்கிறீர்கள். ஆட்டைத் திட்டும்போதுகூட அதே பெயர்கள்! ஒரு பெயருக்கு மனித வாயைவிடப் பெரிய ஆபத்து கிடையாது."

கூட்டத்தில் ஒருவர் இருமல் வந்தும் அடக்கிக்கொண்டார்.

"எங்களுடைய தொகுப்பிலேயே சிறந்தது எது? அணைக்கட்டு நீரில் மூழ்கடிக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கின் பெயர்கள். ஆள் இல்லை, ஆடு இல்லை. ஒரு பெயரில்கூட ஒரு கீறல் கிடையாது. அந்த நிலையை உங்களுக்கும் கொண்டுவருவதே எங்கள் கனவு."

"எங்களையும் முழுகடிக்கப் போறீங்களா?" என்றான் பின்வரிசையிலிருந்து எம்ரிஸ்.

"நிதி இல்லை" என்றார் டாக்டர் வருத்தத்தோடு. "ஆகவே உறுதிமொழி. பெயர்கள் எங்கள் உலர்ந்த அறையில் நிலைப்படும் காலம் முழுதும் நீங்கள் அவற்றை உச்சரிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"எவ்வளவு காலமுங்க?"

"முதல் பள்ளத்தாக்கின் பெயர்களை என் முன்னோடி எடுத்து வைத்தார். அவர் ஓய்வுபெற்றுக் காலமாகிவிட்டார். அவை நல்ல முன்னேற்றம் காட்டுகின்றன."

அவர் மனதில் உறுதிமொழி என்றால் காகிதம். போகிற ஊரிலெல்லாம் வாங்குவார். ஜனங்கள் கையெழுத்திட்டு, தேநீர் குடித்து, அன்று சாயங்காலமே மறந்துவிடுவார்கள். அறிக்கையில் மட்டும் அழகாக இருக்கும். ஆனால் எங்கள் போதகர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்து, ஜெபம் செய்துவிட்டுக் கையெழுத்திட்டார். அடுத்து தெக்வென். அப்புறம் வரிசை. நானும் போட்டேன். எம்ரிஸ் மட்டும் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான். தெக்வென் ரொட்டித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"தர்றியா மாட்டியா?" என்றான்.

"போடறியா மாட்டியா?" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக எம்ரிஸ் கையெழுத்துப் போட்டான். தாத்தாவை நினைத்தோ என்னவோ, முகம் வெளுத்துப்போயிருந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஊரில் அந்தப் பெயர்கள் இல்லை. 'அது', 'அங்க', 'அதுக்கு மேல இருக்கே, அது', இவ்வளவுதான் மிச்சம். ஆளுக்கு ஆள் மோவாயால் காட்டிக்கொண்டோம். கழுத்துப் பிடிப்புக்கு எண்ணெய் வாங்கக் கடையில் கூட்டம்.

எம்ரிஸின் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது கால்நடை டாக்டரைப் போனில் கூப்பிட்டான். "அதைத் தாண்டி வாங்க, அப்புறம் அது வரும், அதுல திரும்பிடாதீங்க, அடுத்த அதுல திரும்புங்க" என்று வழி சொன்னான். அந்தக் கால்நடை டாக்டர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போய்ச் சேர்ந்தார். பசுவின் நல்ல காலம், தானே ஈன்றது. அன்றைக்கே எம்ரிஸ் ஒரு பெயரை ஒரே ஒரு தடவை சொல்ல அனுமதி கேட்டு ஆணையத்துக்கு விண்ணப்பித்திருந்தான். அனுமதி வந்தது. தாழ்ந்த குரலில், வாயில் உணவில்லாமல், சாட்சி வைத்துச் சொல்லலாம் என்று. அது வந்த அன்று கன்று வேலி தாண்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுப் பள்ளி உல்லாசப் பயணத்தைப் போதகர் அறிவித்தார்: "வரும் சனிக்கிழமை எல்லாரும் அங்கே கூடுவோம்." பாதி சபை ஓர் அங்கேக்குப் போயிற்று, மறு பாதி இன்னோர் அங்கேக்கு. தேநீர் ஒரு பக்கம், ரொட்டி ஒரு பக்கம். இரண்டு பக்கமும் பாட்டு மட்டும் இருந்தது. எம்ரிஸ் எதற்கு வம்பு என்று தன் மாமியாரைக்கூட மாமியார் என்று சொல்வதை விட்டுவிட்டான். "என் பொண்டாட்டியைப் பெத்தவங்க வந்திருக்காங்க" என்பான். அந்த அம்மாள் அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இந்த உறுதிமொழியால் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

மெய்லிர் பாடுதான் பெரும் பாடு. வில்லை குத்தின காவலர் அல்லவா? படுக்கையில்கூட நிம்மதி இல்லை. தூக்கத்தில் ஏதாவது உளறிவிடுவோமோ என்று தாடையில் துணி கட்டிக்கொண்டு தூங்கினான். "பல் வலியா?" என்றாள் தெக்வென். "கடமை" என்றான்.

இடையில் ஒருநாள் டாக்டர் பெரெடிர் ஆய்வுக்கு வந்தார். பாலத்தில் நின்று காதைத் தீட்டிக் கேட்டார். ஆடு கத்தினது, ஆறு ஓடினது. ஒரு மனுஷக் குரலில் ஓர் இடத்தின் பெயர் இல்லை. அவர் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஓர் ஊரை நான் பார்த்ததே இல்லை. கிட்டத்தட்ட மூழ்கினது மாதிரியே இருக்கிறது" என்று மெய்லிரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்டோபர் பிறந்தது. மலையில் விட்ட ஆடுகளைப் பனிக்கு முன்னால் கீழே இறக்க வேண்டும். இது எல்லாப் பண்ணைக்கும் பொதுவான வேலை. மலையின் குறுக்கே ஆளுக்கு ஆள் தூரமாக வரிசை கட்டி நின்று, கத்திக்கொண்டே ஆடுகளை இறக்குவோம். எங்கள் ஊரில் மனுஷனோடு வேல்ஷ், நாயோடு ஆங்கிலம். அதனால் நாய்களுக்குப் பிரச்சினை இல்லை, அவை எதிலும் கையெழுத்துப் போடவும் இல்லை. மனுஷர்கள்தான் ஒருத்தருக்கொருத்தர் கையை ஆட்டி, தொப்பியை ஆட்டி, மோவாயை நீட்டி ஒருமாதிரி சமாளித்தோம்.

மத்தியானம் மூடுபனி இறங்கிற்று. அப்புறம் யார் கையை ஆட்டி என்ன?

மெய்லிர் தன் மூக்கு நுனியைத் தாண்டி எதையும் பார்க்க முடியாமல் நின்றான். ஆடுகள் எங்கேயோ கத்தின. அப்போது மேலே எங்கிருந்தோ ஒரு சத்தம். தெக்வெனின் குரல். மேல் வரிசை எப்போதும் அவளுடையது.

"மெய்லிர்! கால் பிசகிடுச்சு! எலும்பு முறிஞ்சிருக்கும்போல, எந்திரிக்க முடியல!"

மூடுபனியில் குரல் எல்லாத் திசையிலிருந்தும் வரும். "எங்க இருக்கே?"

"சொல்ல முடியாது!"

"ஏன்? மயக்கமா வருதா?"

"யோவ், நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்யா!"

மெய்லிர் அப்படியே நின்றுவிட்டான். இவளை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்னதான் செய்வான்! "அட ஒரு குறிப்பாவது குடு!"

அவள் மனசாட்சியோடு பேரம் பேசுவது இங்கேவரை கேட்டது. அப்புறம், "நீ கேட்டே. நான் தூங்கிட்டேன்."

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் இன்னும் பயமாகப் போயிற்று. அந்தக் குழிவு பள்ளத்துக்கு அந்தப்பக்கம். இவன் சுற்றிக்கொண்டு ஏறினால் இருட்டிவிடும். எம்ரிஸ் நாலு சக்கர பைக்கோடு மேட்டின் மறுபக்கம் நிற்கிறான். அவன் போனால் கொஞ்ச நேரத்தில் எட்டிவிடலாம். போகிற வழியெல்லாம் சதுப்பு, ஆனாலும் எம்ரிஸுக்கு மனப்பாடம். போக வேண்டிய இடம் மட்டும் தெரிய வேண்டும்.

"எம்ரிஸ்! தெக்வென் விழுந்துட்டா! போ, சீக்கிரம் போ!"

"எங்க?" என்றது மூடுபனி.

"அங்க!"

"எந்த அங்க?"

"அதுடா! அதுக்குப் பின்னால, அதுக்கு மேல, அது!"

"டேய், உன் மோவாய் எனக்குத் தெரியலடா! எந்தப் பக்கம் நீட்டறே?"

"நான் அவகிட்ட கேட்டேனே, அந்த இடம்!"

"முப்பது வருஷமா நீ அவகிட்ட எதைக் கேட்டாலும் எங்கயாவது ஓர் எடத்துல நின்னுதான கேட்டிருப்பே! எந்த எடம்?"

மெய்லிர் மேலே பார்த்துக் கத்தினான், "தெக்வென்! பேசிக்கிட்டே இரு!" அவள் ஏதோ சொன்னாள். குரல் முன்னைப்போல இல்லை. நடுங்கிற்று. ஈரமும் குளிரும் எலும்புக்குள் போனால் என்ன ஆகும் என்று ஆடு வளர்க்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுபடி கூப்பிட்டான். பதில் வரவில்லை. அவள் பதில் சொல்லாத ஒரு நாளை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

சட்டையிலிருந்த வில்லையைப் பிய்த்தான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.

"பூனைப்படுக்கை!" என்று கத்தினான். "எம்ரிஸ்! பூனைப்படுக்கைடா! பூனைப்படுக்கை!"

மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. வரிசையில் நின்ற ஒவ்வொருத்தர் காதிலும் விழுந்தது. எத்தனையோ மாசம் கழித்து ஒரு பெயர். என் கை தானாகவே தொப்பியைக் கழற்றிற்று. மறு நொடி, மேட்டின் மறுபக்கம் எம்ரிஸின் பைக் உறுமிக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

தெக்வென் பிழைத்தாள். நினைவு தப்புகிற நேரத்தில் எம்ரிஸ் போய்த் தூக்கினான். மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம் மெய்லிரின் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தது. இரண்டாவது காரியம், கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு அவன்மேல் ஆணையத்துக்குப் புகார் எழுதியது.

"என்மேலயா?" என்றான் மெய்லிர்.

"நீ என் உயிரைக் காப்பாத்தினது வேற, கையெழுத்து வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதே. 'கதறியபடி'ன்னு எழுதட்டுமா, 'உரக்க'ன்னு எழுதட்டுமா?"

"எழுதேன்" என்றான் மெய்லிர்.

விசாரணை ஆலயத்துப் பின்னறையிலேயே நடந்தது. டாக்டர் பெரெடிர் கறுப்புக் கோட்டில் வந்திருந்தார். அவருக்கு இது முதல் விசாரணை. ஆணையத்தின் விதிகளில் தண்டனைப் பகுதி இருந்ததே தவிர, அதைத் திறந்து படிக்கும்படி இதுவரை எந்த ஊரும் நடந்துகொண்டதில்லை. முகத்தில் ஒரு புது மாப்பிள்ளைக் களை.

"குற்றம் சாட்டப்பட்ட மெய்லிர், உச்சரிக்கப்படக் கூடாத அதனை, மூன்று முறை உச்சரித்தார்" என்று வாசித்தார்.

"எதை ஐயா?" என்றான் எம்ரிஸ், சாட்சி நாற்காலியிலிருந்து.

"அதனை."

"அங்க நிறைய அது இருக்கு. எந்த அதுன்னு சொன்னாத்தான நான் சாட்சி சொல்ல முடியும்? பொய்ச் சாட்சி சொன்னா பாவம், போதகர் வேற உக்காந்திருக்கார்."

டாக்டரும் அதே காகிதத்தில் கையெழுத்துப் போட்டவர். கைகளைக் குவித்து, தலையைச் சாய்த்து, சுருண்டு படுக்கிற மாதிரி காட்டினார். மீசையை முறுக்கிக் காட்டினார்.

"போதகரா?" என்றான் எம்ரிஸ், போதகரின் மீசையைப் பார்த்து.

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பி, ஆலயம் என்று நினைவு வந்து அடங்கிற்று. மெய்லிருக்குப் பாவமாகப் போய்விட்டது. "நான்தான் சொன்னேன். ஒத்துக்கறேன். அவ அங்க கெடந்தா. வேற வழி தெரியல" என்றான்.

"அவசரப் பயன்பாட்டுக்கு விண்ணப்பம் என்றொரு வழி இருக்கிறதே?"

"விண்ணப்பம் போயி, குழு கூடி, பதில் வர்றதுக்குள்ள அவ செத்திருப்பாளே ஐயா!"

டாக்டர் பெரெடிர் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் உண்மையான துக்கம். "மெய்லிர் அவர்களே, நிதானமாக யோசியுங்கள். மனைவிமார் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது."

நான் தெக்வெனைப் பார்த்தேன். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. பேனாவை மூடி, கீழே வைத்தாள்.

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. தீர்ப்பை வாசித்தார். "குறிப்பிட்ட பெயர் மூடுபனியில், உரத்த குரலில், அழுகையோடு பயன்படுத்தப்பட்டுள்ளது. ஆகவே அது மாசுபட்டது. மாசுபட்ட பெயருக்கு எங்கள் உலர்ந்த அறையில் இடமில்லை. அது பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. ஆணையத்தின் பாதுகாப்பு இனி அதற்கு ஒருபோதும் கிடையாது."

மெய்லிர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். தன் வாயாலேயே அந்தப் பெயரை அநாதை ஆக்கிவிட்டோமே என்று நினைத்தான். கல்யாணத்துக்குக் கேட்ட இடமல்லவா.

"ஐயா, ஒரு சந்தேகம்" என்றாள் தெக்வென். ரொம்பப் பணிவான குரல். அந்தக் குரலுக்கு ஊரே பயப்படும். "பதிவுல இருந்து நீக்கிட்டா, அப்புறம் அது உறுதிமொழிக்குள்ள வராது, இல்லீங்களா?"

"வராது."

"அப்ப நாங்க சொல்லிக்கலாமா?"

"தாராளமாக" என்றார் டாக்டர், வெறுப்போடு. "அது இனி வெறும் பேச்சு. ஜனங்களின் வாயில் கிடந்து சாகட்டும்."

தெக்வென் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"மாமியார் மேடு" என்றாள்.

டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா! என்ன இது!"

"மாசுபடுத்தறேன் ஐயா. கையெழுத்தை மீறிட்டேன். ஆண்டவர் மன்னிக்கணும், நீங்க நீக்கணும். ஈரச்சட்டை ஓடை!"

அந்தக் காலத்து எழுப்புதல் கூட்டங்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருத்தர் எழுந்து பாவத்தை அறிக்கையிட்டால் தீப்பிடித்ததுபோல் அறை முழுக்க எழுந்துவிடுமாம். அன்று கண்ணாலேயே பார்த்தேன். எம்ரிஸ் நாற்காலிமேல் ஏறி நின்றான். "பன்றிக்காது வயல்! மாமியார் மேடு! என் மாமியார், மாமியார், மாமியார்!" என்று கத்தினான். பின்வரிசையில் ஒரு கிழவர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே தன் தரிசு நிலத்தின் பெயரைச் சொன்னார், அது கொஞ்சம் கெட்ட வார்த்தை, யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும் எழுந்தேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, சட்டை நனைந்திருந்தது. கடைசியில் போதகர் எழுந்தார்.

"போதகர் வழுக்கின பாறை" என்றார். "வழுக்கினது என் அப்பா."

அந்த இரண்டு குடும்பங்களும் கட்டிப்பிடித்துக்கொண்டன.

டாக்டர் பெரெடிர் நெற்றி வியர்வையை ஒற்றிக்கொண்டே ஒவ்வொன்றாக நீக்கினார். விதி விதிதான், அவரால் மீற முடியாது. அந்த விஷயத்தில் அவரும் எங்களைப் போலத்தான். எல்லாம் ஓய்ந்தபோது மனுஷர் காற்றுப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார். "நான் கார்டிஃபுக்கு எதைக் கொண்டுபோவது?" என்றார். தெக்வென் ஒரு திராட்சை ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"எல்லாம் போச்சா ஐயா?" என்றான் மெய்லிர். அவன் மனசு அப்படி.

டாக்டர் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார். கண்ணில் ஒளி வந்தது.

"இல்லை! ஒன்று இருக்கிறது. ஒரே ஒன்று. நான் வந்த நாளிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கில் ஒருவர் வாயிலும் விழாத பெயர். கீறல் இல்லை, தேய்மானம் இல்லை. எழுத்து ஆதாரமும் உண்டு!"

அடுத்த வசந்தத்தில் கொல்லன் வீட்டு வாசலில் ஆணையம் ஒரு கல் நட்டது. அணிலும் ஓய்வும் கடலும் சேர்ந்த அந்தப் பெயர் கும் ஹெலிக்கின் பாதுகாக்கப்பட்ட ஒரே பாரம்பரியப் பெயர் என்று அதில் வெட்டியிருக்கிறது. திறப்பு விழாவுக்கு அந்தத் தம்பதி வந்தார்கள், எதற்கு இந்த மரியாதை என்று தெரியாமல் எங்களுக்குக் கை ஆட்டினார்கள். டாக்டர் பெரெடிருக்குப் பதவி உயர்வு கிடைத்ததாகக் கேள்வி.

மெய்லிருக்கு வில்லை போனதில் வருத்தமில்லை. தெக்வெனின் கால் கூடிவிட்டது, இந்த வருஷமும் மேல் வரிசை அவளுடையதுதான். ஆடு இறக்குகிற அன்று மத்தியானம் மறுபடி மூடுபனி வந்தது.

"தெக்வென்! எங்க இருக்கே?" என்று கீழேயிருந்து கேட்டான்.

"பூனைப்படுக்கைல!" என்று வந்தது. "ஃபிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு நீயும் மேல வா!"

வரிசை முழுக்க எல்லாருக்கும் கேட்டது. மெய்லிரின் காது சிவந்திருக்கும், மூடுபனியில் தெரியவில்லை.

கொல்லன் வீட்டுப் பலகையில் என்ன பெயர் என்று சொல்கிறேன் என்று நீங்கள் காத்திருந்தால் மன்னிக்க வேண்டும். அது இன்னும் பதிவில் இருக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போட்டவர்கள்.